ப்ளஸ் டூ பிள்ளைக்குப் பத்து மணிக்கு ஏன் தூக்கம் வருவதில்லை?

"ராத்திரி ஒரு மணி வரைக்கும் கொட்டக் கொட்ட முழிச்சிருக்கான். காலையில எழுப்பினா அடிச்சுப் போட்ட மாதிரி கிடக்கான்." பத்தாவது, ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ படிக்கிற பிள்ளை இருக்கும் வீடுகளில் இந்தப் புலம்பல் அன்றாடம் கேட்கிறது. காரணமும் உடனே சொல்லப்பட்டுவிடும்: போன், சோம்பேறித்தனம், வயசுக்கோளாறு. போனுக்கு இதில் கொஞ்சம் பங்கு உண்டு. வயதுக்கு நிறையவே பங்கு உண்டு, ஆனால் நாம் திட்டும்போது சொல்கிற அர்த்தத்தில் இல்லை. சோம்பேறித்தனம் என்பது முழுக்கத் தவறான தீர்ப்பு. அதைத் தினமும் கேட்டு வளர்கிற பிள்ளைகள், தங்களிடம்தான் ஏதோ கோளாறு என்று நம்பத் தொடங்கிவிடுகிறார்கள். அதனால்தான் இதைக் கொஞ்சம் விவரமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

பசியும் பந்தியும்

கல்யாண வீட்டுச் சாப்பாட்டை நினைத்துக்கொள்ளுங்கள். பசி எடுத்துவிட்டால் மட்டும் போதாது, பந்தி தொடங்க வேண்டும். பந்தி தொடங்கிவிட்டது, ஆனால் ஐந்து மணிக்குத்தான் பஜ்ஜியும் காபியும் ஒரு பிடி பிடித்தீர்கள் என்றால், இலை முன்னால் உட்கார்ந்தும் சோறு இறங்காது. பசி, பந்தி இரண்டும் ஒரே நேரத்தில் கூடி வர வேண்டும்.

தூக்கமும் இப்படி இரண்டு விஷயம் கூடித்தான் வருகிறது. 1982-ல் சூரிச் பல்கலைக்கழகத்தின் அலெக்சாண்டர் போர்பெலி இதை ஒரு மாதிரியாக வகுத்துச் சொன்னார். தூக்க ஆராய்ச்சியில் இன்றும் அதுதான் அடிப்படை.

முதலாவது, பசி. நாம் விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் அடினோசின் என்ற வேதிப்பொருள் சேர்ந்துகொண்டே போகிறது. சேரச் சேரத் தூக்கம் அழுத்தும். தூங்கும்போது அது குறையும். இதைத் தூக்க அழுத்தம் என்பார்கள். காபி, டீயில் இருக்கும் காஃபின், அடினோசின் போய் உட்கார வேண்டிய இடத்தில் தான் உட்கார்ந்துகொள்கிறது. சோர்வு அப்படியேதான் இருக்கும், மூளைக்கு அது தெரிவதில்லை, அவ்வளவுதான். உடலில் புகுந்த காஃபின் பாதியாகக் குறையவே சுமார் 5 மணி நேரம் ஆகும். மாலை 6 மணிக்கு ட்யூஷனுக்குப் போகும் வழியில் குடித்த ஸ்ட்ராங் டீயில் பாதி, இரவு 11 மணிக்கும் உள்ளே வேலை செய்துகொண்டிருக்கிறது.

இரண்டாவது, பந்தி. மூளையின் அடிப்பகுதியில் அரிசி மணியைவிடச் சிறிய ஒரு ஜோடி நரம்புக் கொத்துகள் இருக்கின்றன. இதுதான் உயிரியல் கடிகாரம்: உடலின் வேலைகளைச் சுமார் 24 மணி நேரச் சுற்றில் ஓட்டுகிற அமைப்பு. கண்ணில் படும் வெளிச்சத்தை வைத்துத் தினமும் தன்னைச் சரிசெய்துகொள்ளும். இருட்டியதும் மெலடோனின் என்ற ஹார்மோனைச் சுரக்கச் சொல்லும். பலரும் நினைப்பதுபோல மெலடோனின் ஆளை மயக்கிப் போடுவதில்லை. "ராத்திரி ஆயிடுச்சு, இலை போடலாம்" என்று உடம்புக்கு அறிவிப்பது மட்டுமே அதன் வேலை. இந்தக் கடிகாரம் செல்லுக்குள் எப்படி ஓடுகிறது என்று கண்டுபிடித்ததற்காகத்தான் 2017-ல் ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் மூவருக்கும் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

சுருக்கமாக: விழித்திருக்கும் நேரத்தைப் பொறுத்து ஏறுவது தூக்க அழுத்தம். வெளிச்சத்தைப் பார்த்து நேரத்தைத் தீர்மானிப்பது உயிரியல் கடிகாரம். இரண்டும் ஒன்றுசேரும் நேரத்தில்தான் கண் சொருகும்.

இந்த வயதில் பந்தி தள்ளிப் போகிறது

பருவம் அடையும் காலத்தில் இந்தக் கடிகாரம் பின்னோக்கி நகர்கிறது. மெலடோனின் சுரப்பு ஒரு மணியிலிருந்து இரண்டு மணி நேரம் வரை தாமதமாகத் தொடங்குகிறது. பத்து வயதில் ஒன்பது மணிக்கெல்லாம் சுருண்டு படுத்த அதே பிள்ளைக்குப் பதினாறு வயதில் பதினோரு மணி வரை உடம்பு தூக்கத்துக்குத் தயாராவதே இல்லை. போதாக்குறைக்கு, இந்த வயதில் தூக்க அழுத்தமும் மெதுவாகத்தான் ஏறுகிறது. சின்னப் பிள்ளைகளைவிட இவர்களால் அதிக நேரம் விழித்திருக்க முடிவது அதனால்தான். பசியும் லேட், பந்தியும் லேட்.

இதைக் கண்டறிந்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்கத் தூக்க ஆராய்ச்சியாளர் மேரி கார்ஸ்கடன். 1970-களில் ஸ்டான்ஃபோர்டில் பள்ளிப் பிள்ளைகளுக்காக அவர் ஒரு கோடைக்காலத் தூக்க முகாம் நடத்தினார். இரவில் 10 மணி நேரம் படுக்க விட்டு, எவ்வளவு தூங்குகிறார்கள் என்று கருவிகளால் அளந்தார்கள். வயது ஏற ஏறத் தூக்கத் தேவை குறையும் என்பதுதான் அன்றைய நம்பிக்கை. அளந்து பார்த்தால் எல்லா வயதுப் பிள்ளைகளும் ஏறக்குறைய ஒன்பதேகால் மணி நேரம் தூங்கினார்கள். அதைவிட ஆச்சரியம், பெரிய பிள்ளைகள் அவ்வளவு தூங்கியும் பகலில் சின்னவர்களைவிட அதிகமாகச் சொக்கினார்கள். ஸ்மார்ட்போன் பிறப்பதற்கு முப்பது வருடத்துக்கு முந்தைய கதை இது. கடிகாரம் பின்னுக்குப் போவது மனிதர்களில் மட்டும் நடப்பதும் இல்லை. எலி, குரங்கு போன்ற பாலூட்டிகளிலும் பருவம் அடையும் காலத்தில் இப்படி நேரம் மாறுவதைப் பதிவுசெய்திருக்கிறார்கள்.

பெற்றோருக்கு ஆறுதலான செய்தி: இது நிரந்தரம் இல்லை. ஜெர்மனியின் டில் ரோனபெர்க் ஆயிரக்கணக்கானவர்களின் தூக்க நேரங்களைத் தொகுத்து 2004-ல் காட்டியபடி, பின்னோக்கிப் போகும் கடிகாரம் 20 வயதையொட்டித் திரும்ப முன்னோக்கி வரத் தொடங்குகிறது.

போன் எவ்வளவு குற்றவாளி?

2015-ல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில், படுப்பதற்கு முன் நாலு மணி நேரம் ஒளிரும் திரையில் புத்தகம் படிக்க வைத்தார்கள். வேறு நாட்களில் அதே ஆட்களைக் காகிதப் புத்தகம் படிக்க வைத்தார்கள். திரையில் படித்த இரவுகளில் மெலடோனின் குறைந்தது, தூக்கம் வரச் சுமார் 10 நிமிடம் அதிகமானது. பத்து நிமிடம்தான். வெளிச்சத்தின் கெடுதல் உண்மை, ஆனால் நள்ளிரவு வரை நீளும் விழிப்புக்கு அது மட்டும் காரணமாக முடியாது.

போனில் பெரிய சிக்கல் வேறு. பகல் முழுக்கப் பள்ளி, ட்யூஷன், கோச்சிங் என்று ஓடிய பிள்ளைக்குத் தன் இஷ்டத்துக்குக் கிடைக்கும் ஒரே நேரம் இரவு பதினொன்றுக்கு மேல்தான். நண்பர்களோடு பேசுவதும், சிரிப்பதும், சண்டை போடுவதும் அப்போதுதான். வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் மார்க் பட்டியல் வந்து விழுந்தால் மனது படபடக்கும், தூக்கம் ஓடிவிடும். போனைப் பிடுங்கி வைப்பதற்கு முன்னால், அந்தப் பிள்ளைக்குப் பகலில் அரை மணி நேரமாவது சொந்த நேரம் இருக்கிறதா என்று பார்ப்பது நியாயம் என்று நினைக்கிறேன்.

கணக்கு எங்கே உதைக்கிறது

13 முதல் 18 வயதுவரை உள்ளவர்களுக்குத் தினம் 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2016-ல் பரிந்துரைத்தது. நம் ஊர் ப்ளஸ் டூ நாளை இதோடு வைத்துப் பாருங்கள். 4:45-க்கு அலாரம், 5:30-க்குப் பிசிக்ஸ் ட்யூஷன், அப்புறம் பள்ளி, ஸ்பெஷல் கிளாஸ், மாலையில் நீட் கோச்சிங். வீடு திரும்ப ஒன்பது மணி. சாப்பிட்டு, ரெக்கார்டு நோட்டு எழுதி முடித்துப் படுக்கப் பதினொன்றே கால், கண் அசரப் பதினொன்றே முக்கால். மொத்தம் 5 மணி நேரம். குறைந்தபட்சத் தேவையிலேயே தினம் 3 மணி நேரம் பற்றாக்குறை. ஆறு நாளில் 18 மணி நேரம்.

அமெரிக்காவில் பல பள்ளிகள் காலை ஏழரைக்கெல்லாம் தொடங்குவதுதான் பெரிய பிரச்சினை. அங்கே குழந்தை மருத்துவர்களின் அகாடமி, உயர்நிலைப் பள்ளிகள் 8:30-க்கு முன் தொடங்கக் கூடாது என்று 2014-ல் சொன்னது. கலிஃபோர்னியாவில் 2022 ஜூலை முதல் அது சட்டமாகவே நடைமுறைக்கு வந்தது. சியாட்டில் நகரப் பள்ளிகள் 2016-ல் 7:50 மணியை 8:45-க்கு மாற்றியபோது, மாணவர்களின் தூக்கம் சராசரியாக 34 நிமிடம் கூடியது. "லேட்டா ஆரம்பிச்சா இன்னும் லேட்டா படுப்பாங்க" என்ற பயம் பெரும்பாலும் பொய்த்துப்போனது.

நம் ஊரில் பெரும்பாலான பள்ளிகள் 9 மணியையொட்டித்தான் தொடங்குகின்றன. ஆக, பள்ளி மணியைக் குறை சொல்ல முடியாது. தூக்கத்தை வெட்டுவது விடிகாலை ட்யூஷனும் ஹாஸ்டல் ஸ்டடி ஹவரும்தான்.

ஒரு மொட்டை மாடி ட்யூஷனைக் கிட்டப் போய்ப் பாருங்கள். ஆஸ்பெஸ்டாஸ் கூரை, இரண்டு ட்யூப்லைட், நெருக்கி உட்கார்ந்த பிள்ளைகள். முன் வரிசையில் ஒருத்தி, ஈரத் தலையைத் துவட்டக்கூட நேரமில்லாமல் வந்தவள், கண் திறந்தபடியே எழுதிக்கொண்டிருப்பாள். திடீரென்று அவளுடைய பேனா எழுத்தை விட்டுவிட்டு, கீழ்நோக்கி ஒரு கோடாக இழுத்துக்கொண்டே போய் நோட்டின் ஓரத்தில் நிற்கும். திடுக்கிட்டு நிமிர்ந்து, சார் பார்த்தாரா என்று பார்த்துவிட்டு, ஒயிட்னரால் அந்தக் கோட்டை மறைப்பாள். மூளை சில நொடிகள் தூங்கிப் போனதற்கான அடையாளம் அந்தக் கோடு. அந்த நொடிகளில் சொல்லப்பட்டது எதுவும் அவளுக்குள் போயிருக்காது.

"காலை நாலு மணிக்குப் படிச்சா மண்டையில ஏறும்" என்பதைத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவருகிறோம். ஒன்பதரைக்குத் தூங்கிவிடுகிற சில பிள்ளைகளுக்கு அது ஒத்துவரலாம். கடிகாரம் இரண்டு மணி நேரம் பின்னால் ஓடும் பிள்ளையை 5 மணிக்கு எழுப்புவது, பெரியவர் ஒருவரை மூன்று மணிக்கு எழுப்பிக் கணக்குப் போடச் சொல்வதற்குச் சமம்.

அதிலும் வெட்டுப்படுவது தூக்கத்தின் கடைசிப் பகுதி. தூக்கம் சுமார் 90 நிமிடச் சுற்றுகளாக நடக்கிறது. ஆழ்ந்த தூக்கம் முதல் பாதியில் அதிகம். கண்மணிகள் வேகமாக அசைய, தெளிவான கனவுகள் வரும் கட்டத்துக்கு ரெம் தூக்கம் என்று பெயர். அது பெரும்பாலும் விடிகாலைச் சுற்றுகளில்தான் நிறைய வருகிறது. அன்றைய உணர்ச்சிகளை மூளை பதம் பார்த்து அடுக்கி வைப்பதில் இந்தக் கட்டத்துக்குப் பங்கு இருப்பதாக ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். பந்தியில் பாயசம் வருவதற்குள் எழுப்பிவிடுகிறோம்.

சுருக்கமாக: வயது ஒரு பக்கம் தூக்கத்தைத் தாமதமாக்குகிறது. நாம் மறுபக்கம் அதைச் சீக்கிரமே முடித்துவைக்கிறோம். இடையில் நசுங்குவது பிள்ளையின் தூக்கம்.

மனதுக்கு என்ன ஆகிறது

மூளைக்குள் அமிக்டலா என்று ஒரு பகுதி உண்டு. பயம், கோபம் போன்ற உணர்ச்சிகளுக்குச் சட்டென்று எதிர்வினை காட்டுவது அது. நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளை அதற்குக் கடிவாளம் போடும். 2007-ல் வந்த ஓர் ஆய்வில், ஓர் இரவு முழுக்கத் தூங்காத இளைஞர்களுக்குச் சங்கடப்படுத்தும் படங்களைக் காட்டி மூளையை ஸ்கேன் செய்தார்கள். தூங்கியவர்களைவிட அவர்களுடைய அமிக்டலா சுமார் 60 சதவீதம் அதிகமாகத் துடித்தது. முன்மூளையோடு அதற்கு இருந்த தொடர்பும் தளர்ந்திருந்தது. பதின்பருவத்தில் இந்தக் கடிவாளம் இன்னும் முழுதாக வளர்ந்திருக்காது. "தட்டை ஏன் இங்க வச்சே?" என்று கேட்டதற்குக் கதவை அறைந்து சாத்துகிற பிள்ளையின் கோபத்துக்குப் பின்னால் பல நேரம் இருப்பது திமிர் இல்லை, தூக்கக் கடன்.

"அவன் அஞ்சு மணி நேரத் தூக்கத்துக்குப் பழகிட்டான்" என்பது இன்னொரு தவறான நம்பிக்கை. 2003-ல் வெளியான ஒரு பரிசோதனையில் பெரியவர்களை இரண்டு வாரம் தினம் 6 மணி நேரமோ அதற்கும் குறைவாகவோ மட்டும் தூங்க விட்டார்கள். அவர்களுடைய கவனம் நாளுக்கு நாள் சரிந்து, ஓரிரு இரவுகள் அடியோடு தூங்காதவர்களின் நிலைக்கு வந்தது. ஆனால் கேட்டால், பெரிதாகத் தூக்கக் கலக்கம் இல்லை என்றே சொன்னார்கள். குறைந்த தூக்கத்துக்கு நாம் பழகுவதில்லை. குறைந்திருப்பதை உணரும் திறனைத்தான் இழக்கிறோம்.

தூக்கமும் மனநலமும் ஒன்றையொன்று இழுக்கும். பதற்றமோ மனச்சோர்வு நோயோ இருப்பவர்களுக்குத் தூக்கம் கெடும் என்பது எல்லோருக்கும் தெரியும். மறுதிசையும் உண்மை: தூக்கமின்மை உள்ளவர்களுக்குப் பின்னாளில் மனச்சோர்வு நோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்கு என்று 2011-ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது தெரிந்தது. 2010-ல் அமெரிக்கப் பள்ளி மாணவர்கள் 15,000-க்கும் மேற்பட்டவர்களை வைத்துச் செய்த ஆய்வில், பத்து மணிக்குள் படுக்கச் சொல்லும் பெற்றோரின் பிள்ளைகளோடு ஒப்பிட்டால், நள்ளிரவு வரை விட்டுவைக்கும் வீட்டுப் பிள்ளைகளிடம் மனச்சோர்வு 24 சதவீதம் அதிகமாக இருந்தது. கண்டிப்பான வீடுகள் வேறு விதங்களிலும் மாறுபட்டிருக்கலாம் என்பதால் தூக்கம் ஒன்றையே காரணமாகச் சொல்லிவிட முடியாது. ஆனாலும் மனது சரியில்லாத பிள்ளையைப் பற்றிக் கேட்கும் முதல் கேள்விகளில் "எத்தனை மணிக்குத் தூங்குறே?" என்பதும் இருக்க வேண்டும்.

"தூக்கம் வரல" என்பதில் மூன்று விதம்

நாம் அதிகம் குழப்பிக்கொள்வது இங்கேதான். மூன்று வேறு பிரச்சினைகளை ஒரே வார்த்தையில் சொல்கிறோம். பிரித்துப் பார்க்கக் கோடை விடுமுறை நல்ல நேரம்.

முதல் வகை, தூங்க நேரமே இல்லாதது. படுத்தால் ஐந்து நிமிடத்தில் தூங்கிவிடும், பஸ்ஸிலும் தூங்கும், லீவு விட்டதும் சரியாகிவிடும். இந்தப் பிள்ளைக்கு மருந்தோ அறிவுரையோ தேவையில்லை, கால அட்டவணையில் இரண்டு மணி நேரத்தை மீட்டுக் கொடுக்க வேண்டும்.

இரண்டாவது, கடிகாரம் அளவுக்கு மீறிப் பின்னால் போனது. விடுமுறையில் இரவு 2 மணிக்குப் படுத்துக் காலை 11 மணிவரை நிம்மதியாகத் தூங்கும் பிள்ளை, பள்ளி நாளில் 11 மணிக்குப் படுத்தால் 2 மணிவரை புரளும். தூக்கத்தில் குறையில்லை, நேரம்தான் இடம் மாறியிருக்கிறது. இதற்கு மருந்து வெளிச்சம்.

மூன்றாவதுதான் இன்சோம்னியா எனப்படும் தூக்கமின்மை நோய். நேரமும் இருக்கும், களைப்பும் இருக்கும், ஆனாலும் தூக்கம் பிடிக்காது, அல்லது நடு இரவில் விழிப்பு வந்து மறுபடி வராது. வாரத்தில் மூன்று இரவாவது இப்படி ஆகி, மூன்று மாதம் நீடித்தால் அதை நாள்பட்ட தூக்கமின்மை என்பார்கள். படுக்கையைப் பார்த்தாலே "இன்னைக்கும் வராதோ" என்ற பயம் வந்துவிடும், அந்தப் பயமே தூக்கத்தை விரட்டும். இதற்கு முதல் சிகிச்சை மாத்திரை இல்லை. தூக்கத்துக்கென்றே வகுத்த அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை இருக்கிறது. படுக்கை, நேரம், பயம் மூன்றையும் பற்றிய பழக்கங்களை ஓர் உளவியலாளரின் உதவியோடு மாற்றுகிற பயிற்சி அது.

வீட்டில் எதை மாற்றலாம்

ஒன்றே ஒன்றுதான் முடியும் என்றால், எழுந்திருக்கும் நேரத்தை நிலையாக வையுங்கள். எழுந்ததும் இருபது நிமிடம் வெயில் முகத்தில் படட்டும். மாடியில் நின்று காபி குடித்தாலும் சரி, பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாலும் சரி. காலை வெளிச்சம் கடிகாரத்தை முன்னால் இழுக்கும், இரவு வெளிச்சம் பின்னால் தள்ளும்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு மணியோ இரண்டு மணியோ கூடுதலாகத் தூங்க விடுங்கள், கடன் கொஞ்சம் அடையட்டும். மதியம்வரை போனால் திங்கட்கிழமை காலை வெளிநாட்டிலிருந்து விமானத்தில் வந்து இறங்கியவர் நிலைதான். ரோனபெர்க் குழுவினர் 2006-ல் இதற்குச் சோஷியல் ஜெட்லாக் என்று பெயர் வைத்தார்கள். பள்ளி விட்டு வந்து ஐந்து மணிக்குப் போடும் ஒரு மணி நேரத் தூக்கம் இரவுப் பசியைக் கெடுத்துவிடும். தூங்காமல் இருக்க முடியாவிட்டால் இருபது நிமிடம் போதும். மாலைக்குப் பின் டீ வேண்டாம். படுத்து இருபது நிமிடமாகியும் தூக்கம் வராவிட்டால் எழுந்து, மங்கிய வெளிச்சத்தில் எதையாவது செய்துவிட்டுச் சொக்கும்போது படுக்கலாம். மெலடோனின் மாத்திரையை மெடிக்கலில் நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். அதற்கு நேரமும் அளவும் மருத்துவர் சொல்ல வேண்டும்.

இவ்வளவும் சொன்னாலும், விடிகாலை ட்யூஷனை மாலைக்கோ சனிக்கிழமைக்கோ மாற்றுவதைவிடப் பெரிய பலன் வேறெதிலும் இல்லை என்பதே என் எண்ணம். நாலு பெற்றோர் சேர்ந்து கேட்டால் ட்யூஷன் சார் நேரத்தை மாற்றத் தயங்க மாட்டார். பரீட்சைக்கு முந்தின இரவு விழித்துப் படிப்பதும் நஷ்டக் கணக்கே. பகலில் படித்ததை நினைவில் ஊன்றும் வேலை தூக்கத்தில்தான் நடக்கிறது.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்

பலத்த குறட்டையும் மூச்சுத் திணறலும், போதுமான தூக்கத்துக்குப் பிறகும் தீராத அசதி (பெண் பிள்ளைகளுக்கு இரத்தசோகையும் காரணமாகலாம்), மூன்றாவது வகைத் தூக்கமின்மை ஆகியவற்றுக்கு மருத்துவரைப் பாருங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தாலோ, எரிச்சலாகவே இருந்தாலோ, சாப்பாடு குறைந்தாலோ, நண்பர்களை ஒதுக்கினாலோ, நாள் முழுக்கத் தூங்கினாலோ மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். பதின்பருவத்தில் மனச்சோர்வு, அழுகையாக இல்லாமல் எரிச்சலாகவே வெளிப்படலாம். "இருந்து என்ன பிரயோஜனம்" என்ற மாதிரிப் பேச்சு வந்தால் ஒரு நாளும் தள்ளிப்போட வேண்டாம். தனியாக விடாமல் கூட இருங்கள், நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. மத்திய அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ல் எந்த நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். தமிழ்நாட்டில் 104-லும் ஆலோசனை கிடைக்கும்.

மருத்துவரிடம் போகும்போது இரண்டு வாரத் தூக்கக் குறிப்பைக் கையோடு கொண்டுபோங்கள். பிள்ளையே ஒரு பழைய நோட்டில் எழுதலாம்: படுத்த நேரம், தூங்கியதாகத் தோன்றும் நேரம், நடுவில் விழித்த தடவைகள், எழுந்த நேரம், பகல் தூக்கம், டீ காபி, அன்று மனது எப்படி இருந்தது என்று ஒரு வரி. லீவு நாட்களை வட்டமிட்டுக் காட்டினால், மூன்றில் எந்த வகை என்பது பெரும்பாலும் அந்தத் தாளிலேயே தெரிந்துவிடும்.